பைலட் முடிந்த பிறகு யார் பில் கட்டுவது? ஆப்பிரிக்காவில் டிஜிட்டல் சுகாதாரம்

[திரையில்: உகாண்டா வரைபடம். வண்ணப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கின்றன.]

2012 ஜனவரி. உகாண்டா சுகாதார அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம் போகிறது. அனுப்பியவர் டாக்டர் ஜேன் ரூத் அசெங், அப்போது சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர். மொபைலோ கம்ப்யூட்டரோ, எதை வைத்து நடத்தும் சுகாதாரத் திட்டமானாலும் அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்பது அதன் சாரம்.

அடுத்தவர் செலவில் வரும் டெக்னாலஜியை ஒரு ஏழை நாடு ஏன் தடுக்க வேண்டும்?

இந்தப் புள்ளிகளைப் பாருங்கள். 2008, 2009 வாக்கில் உகாண்டாவில் நடந்த மொபைல் சுகாதாரத் திட்டங்களை இப்படித்தான் ஒரு வரைபடத்தில் குறித்துக் காட்டினார்கள். பெரும்பாலும் பைலட், அதாவது சோதனை ஓட்டம். மலேரியாவுக்கு ஒன்று, எச்ஐவிக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி சாஃப்ட்வேர். ஒன்றில் பதிவான தகவல் இன்னொன்றுக்குப் போகாது. சில வருடங்களில் நிதி தீர்ந்துவிடும், இறுதி அறிக்கை அச்சாகும், அத்தோடு சரி. நடுவில் மாட்டிக்கொண்டவர் கிராமத்து சுகாதார நிலையத்து நர்ஸ். வழக்கமான ரெஜிஸ்டரையும் எழுத வேண்டும், அதற்கு மேல் வந்த போன திட்டங்களின் படிவங்களையும் நிரப்ப வேண்டும்.

அந்தக் கடிதத்தை டெக்னாலஜிக்கு எதிரானது என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் அமைச்சகமே, யுனிசெஃப் துணையோடு, எம்-டிராக் என்ற ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுபோனது. சுகாதார நிலைய ஊழியர் வாரம் ஒருமுறை சாதாரண போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்புவார்: இந்த வாரம் எத்தனை மலேரியா, மருந்து எவ்வளவு கையிருப்பு. மருந்து இல்லை, ஊழியர் வரவில்லை என்றால் மக்கள் நேரடியாகப் புகார் சொல்லலாம், கட்டணம் கிடையாது. பளபளப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அது கேட்டது, அமைச்சகம் ஏற்கெனவே காகிதத்தில் கேட்டுக்கொண்டிருந்த அதே வாராந்திரத் தகவலைத்தான். புதிய படிவம் ஒன்றைத் திணிக்கவில்லை.

ஆப்பிரிக்கா, டிஜிட்டல் சுகாதாரம் என்று ஆரம்பித்தாலே பேச்சு ட்ரோன், ஏஐ என்று ஓடிவிடுகிறது. மொபைல் ஆப்புக்கு அங்கே பஞ்சமே இருந்ததில்லை. வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் வேண்டும், வேண்டியதற்கு மாதாமாதம் பில் கட்டக் காசு வேண்டும். பஞ்சம் இந்த இரண்டுக்கும்தான்.

[திரையில்: கையடக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. அட்டை மடங்கியிருக்கிறது.]

இப்போது மலாவிக்குப் போவோம். அங்கே நோயாளி கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஹெல்த் பாஸ்போர்ட் என்பார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் டாக்டர் அதில்தான் எழுதுவார். பிறகு அது நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும்.

2001 முதல் பாவோபாப் ஹெல்த் என்ற குழு தலைநகர் லிலோங்வேயின் காமுசு சென்ட்ரல் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பதிவைக் கொண்டுவரத் தொடங்கியது. கீபோர்டு பழகாத ஊழியர்களுக்காகத் தொடுதிரை வைத்தார்கள். அதற்கும் புது கம்ப்யூட்டர் வாங்கவில்லை. அமெரிக்காவில், வீட்டில் இன்டர்நெட் பார்ப்பதற்கென்று வந்து சந்தையில் எடுபடாமல் போன ஒரு மலிவுச் சாதனத்தைப் பிரித்து மாற்றிப் பயன்படுத்தினார்கள். மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே வரும், பின்னால் பேட்டரி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஸ்டிக்கர். நோயாளி வந்ததும் பெயரைப் பதிந்தால் பார்கோடு போட்ட ஒரு லேபிள் அச்சாகும். அதை ஹெல்த் பாஸ்போர்ட்டில் ஒட்டிவிடுவார்கள். அடுத்த முறை வரும்போது ஸ்கேன் செய்தால் போதும், பழைய விவரம் திரையில் வந்துவிடும். டாக்டரைப் பார்த்து முடித்ததும் அன்றைய விவரம் இன்னொரு லேபிளில் வரும், அதையும் நோட்டில் ஒட்டுவார்கள். கரண்ட் போனாலும் சரி, நோயாளி கம்ப்யூட்டரே இல்லாத வேறு ஊருக்குப் போனாலும் சரி, விவரம் அவர் கையில் இருக்கிறது. பழைய நோட்டைத் தூக்கி எறியச் சொல்லாமல் அதன் மேலேயே கட்டினார்கள்.

அதே மலாவியில், பலாகா மாவட்டத்தில், 2011இல் 'சிபதாலா சா பா ஃபோனி' என்ற தொலைபேசி சேவை தொடங்கியது. ஊரிலிருந்தே அழைத்துப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியரிடம் ஆலோசனை கேட்கலாம். சொந்தமாக போன் இல்லாத பெண்களுக்காக ஊர்த் தன்னார்வலரிடம் ஒரு போன் இருந்தது. பகிர்ந்துகொள்ளும் போனுக்குக் கர்ப்பகால எஸ்எம்எஸ் அனுப்பினால் வேறு யாராவது படித்துவிடலாம். அதனால் எஸ்எம்எஸ் வேண்டாதவர்கள், தாங்களே அழைத்துக் குரல் பதிவாகக் கேட்டுக்கொள்ள வழி செய்தார்கள். 'எல்லோரிடமும்தான் போன் இருக்கிறதே' என்று எழுதப்படும் கொள்கைகள் கோட்டை விடும் இடம் இதுதான். இந்தச் சேவை பிற்பாடு நாடு முழுவதற்கும் விரிந்து, அதை நடத்திய வில்லேஜ்ரீச் அமைப்பிடமிருந்து சுகாதார அமைச்சகத்தின் கைக்கே வந்தது. பைலட்டுகளில் இப்படிக் கைமாறிப் பிழைப்பவை கொஞ்சம்தான்.

[திரையில்: ருவாண்டா. பட்டன் போனில் *811# என்று அழுத்தும் விரல்.]

எதிர்ப்பக்கக் கதை ருவாண்டா. 2016இல் பிரிட்டனின் பாபிலோன் நிறுவனம் அங்கே 'பாபில்' என்ற பெயரில் போன் வழி மருத்துவ ஆலோசனையைத் தொடங்கியது. ஸ்மார்ட்போன் தேவையில்லை. மருந்துச் சீட்டும் எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடாக வந்துவிடும். அரசின் 'மித்யுவெல்' காப்பீட்டோடும் இணைத்தார்கள். 2020இல் அரசோடு 10 வருட ஒப்பந்தம். 20 லட்சத்துக்கும் மேல் பதிவு செய்திருந்தார்கள். 2023இல் தாய் நிறுவனம் திவாலானது, ருவாண்டா சேவையும் நின்றுபோனது. சேவை மோசம் என்று நிற்கவில்லை. நியூயார்க் பங்குச் சந்தையில் விழுந்த அடி ருவாண்டா தலைநகர் கிகாலி வரை வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். தனியாரோடு ஒப்பந்தம் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி மூழ்கினால் சாஃப்ட்வேரும் நோயாளிகளின் தகவலும் யார் கைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

நிலைத்து நிற்கும் உதாரணமும் உண்டு: டிஎச்ஐஎஸ்-2. மாவட்டவாரியாக சுகாதாரப் புள்ளிவிவரம் சேர்க்கும் மென்பொருள். நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகக் குழு உருவாக்கியது. முதலில் களத்தில் இறங்கியது நம் பக்கத்துக் கேரளாவில், 2006இல். 2011இல் கென்யா அதை நாடு முழுவதும் இணையம் வழியாக நடத்த ஆரம்பித்தது, பிறகு உகாண்டா உட்படப் பல நாடுகள் வந்தன. மூல நிரல் திறந்தது, லைசென்ஸ் கட்டணம் கிடையாது. அதைவிட முக்கியம், உகாண்டாவிலேயே இதைப் பராமரிக்கவும் மாற்றவும் தெரிந்த உள்ளூர்க் குழு இருக்கிறது. பழுது பார்க்க ஆஸ்லோவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் லைசென்ஸ் இலவசம் என்றால் எல்லாம் இலவசம் இல்லை. சர்வர், டேட்டா, டேப்லெட் ரிப்பேர், பயிற்சி, புரோகிராமர் சம்பளம் எல்லாம் இருக்கிறது. 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று உறுதி சொன்னார்கள். பெரும்பாலான நாடுகள் இன்றும் அதை எட்டவில்லை. மிச்சத்தை வெளிநாட்டு நிதி நிரப்பியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியதும், 1984 முதல் நடந்துவந்த டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமே நின்றுபோனது. குழந்தை இறப்பு விகிதம் போன்ற அடிப்படை எண்களுக்கே பல நாடுகள் அதைத்தான் நம்பியிருந்தன.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மலாபோ உடன்படிக்கை 2014இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2023இல். நடுவில் உகாண்டா 2019இலும் ருவாண்டா 2021இலும் தங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தன, மலாவி 2024இல். எச்ஐவி சிகிச்சைப் பதிவுகள் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு.

[திரையில்: மேசை மேல் தடித்த ரெஜிஸ்டர், பக்கத்தில் டேப்லெட்.]

ஒரு நாட்டின் டிஜிட்டல் சுகாதாரக் கொள்கையைக் கையில் கொடுத்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயம்: நர்ஸ் எந்தத் தேதியிலிருந்து காகித ரெஜிஸ்டரை எழுத வேண்டாம்? தேதி இல்லையென்றால் டேப்லெட் அவருக்குக் கூடுதல் சுமைதான். தேதி குறிக்க அதிகாரிகள் தயங்குவதும் நியாயம். சர்வர் படுத்துவிட்டால் காச நோயாளிகள் பட்டியலை எங்கே தேடுவது? அதனால் முதலில் சோலார், பேட்டரி, இரவில் தானாக எடுக்கும் பேக்கப், மாவட்டத்துக்கு ஒரு ரிப்பேர் ஆள். இவற்றுக்கான செலவு வருடாந்திர பட்ஜெட்டில் ஏறிய பிறகு, எந்தெந்த நிலையங்கள் ரெஜிஸ்டரை மூடலாம் என்று சுற்றறிக்கை அனுப்பலாம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வேண்டாம், கரண்ட் போகாத ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம்.