வைஃபை ஸ்லோவா? பூஸ்டர் வாங்க முதல் போனோட வீட்டைச் சுத்துங்கோ

வணக்கம் மக்களே, எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ. இண்டைக்கு நேரா விசயத்துக்கு வாறன், ஏன் எண்டா எங்கட பக்கம் கனபேர் வைஃபை ஸ்லோ எண்ட உடன கிளிநொச்சி ரவுணுக்கு ஓடிப்போய் பூஸ்டர் ஒண்டை, அதுதான் வைஃபையை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்புற பெட்டியை, வாங்கிக்கொண்டு வருவினம், கொண்டுவந்து பூட்டினா திரும்பவும் அதே ஸ்லோ. காசு போனதுதான் மிச்சம். கையில இருக்கிற போன் ஒண்டே காணும் பிரச்சினை எங்க எண்டு கண்டுபிடிக்க, அதைத்தான் காட்டப்போறன்.

முதல் இதை விளங்கிக்கொள்ளுங்கோ. வன்னியில கனக்க வீட்டில ஃபைபர் இல்ல, சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். அப்ப சிம் கொம்பனியின்ர ரவரில (டவரில) இருந்து ரவுட்டருக்கு வாறது ஒரு துண்டு, ரவுட்டரில இருந்து உங்கட போனுக்கு வாறது இன்னொரு துண்டு. போனில மேல காட்டுற வைஃபை கோடு இருக்கெல்லோ, அது ரெண்டாவது துண்டை மட்டும்தான் காட்டும். அதாலதான் கோடு ஃபுல்லா நிக்கும் ஆனா யூடியூப் சுத்திக்கொண்டே இருக்கும். இரணைமடுக் குளத்தில தண்ணி இல்லாம வாய்க்காலை எவ்வளவு வெட்டி என்ன, வயலுக்கு ஒண்டும் வராது, அதுதான் கதை.

இப்ப நான் நிக்கிறது மல்லாவிப் பக்கம் சித்தி வீடு. தங்கச்சிக்குப் பின்னேரத்தில சூம் கிளாஸ், அறைக்குள்ள இருந்தா சேரின்ர குரல் வெட்டி வெட்டி வருதாம். சரி பாப்பம். முதல் மொபைல் டேட்டாவை ஓஃப் பண்ணுங்கோ, வீட்டில வேற ஆரும் வீடியோ பாக்கினமோ, போன் அப்டேட் ஓடுதோ எண்டும் பாத்து நிப்பாட்டுங்கோ. கொம்பனியின்ர ஆப்பில டேட்டா மிச்சம் இருக்கோ எண்டும் ஒருக்கா பாருங்கோ, ஏன் எண்டா சில பேக்கேஜில டேட்டா முடிஞ்சா நெட் நிக்காது, ஸ்பீடைக் குறைச்சு விட்டிடும், நாங்கள் ரவுட்டரைப் போட்டுத் தட்டிக்கொண்டு இருப்பம்.

பிறகு ரவுட்டருக்குப் பக்கத்தில நிண்டு ஸ்பீட் டெஸ்ட் ஒண்டு, அறைக்குள்ள போய் இன்னொண்டு. ஸ்பீட்டெஸ்ட் ஆப்பும் சரி, ஃபாஸ்ட் டொட் கொம் எண்ட தளமும் சரி. ஆனா சும்மா சும்மா அடிக்காதேங்கோ, டெஸ்டும் உங்கட டேட்டாவைத்தான் தின்னும். அதில வாறது மெகாபிட், 8 மெகாபிட் எண்டா ஒரு செக்கனுக்கு ஒரு மெகாபைட், அவ்வளவுதான்.

பக்கத்தில நல்ல ஸ்பீட், அறையில இல்ல எண்டா பிரச்சினை வீட்டுக்குள்ள. பக்கத்தில நிண்டும் ஸ்லோ எண்டா பிரச்சினை வெளிய, அதுக்கு எந்த பூஸ்டரும் உதவாது. ஏன் எண்டா ரவுட்டருக்கே வராததை பூஸ்டர் எங்கயிருந்து தாறது?

இந்த வீட்டில ரெண்டும் கலந்துதான் இருக்கு. முதல் உள்ளுக்கு. ஆண்ட்ராய்டில வைஃபை அனலைசர் எண்ட ஆப்பைப் போட்டு, லொக்கேஷனை ஓன் பண்ணிப்போட்டு, மெதுவா நடந்து பாருங்கோ. மைனஸ் போட்டு ஒரு இலக்கம் காட்டும், அதுதான் வைஃபை சிக்னலின்ர பலம், அது பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லம். ரவுட்டருக்குக் கிட்ட மைனஸ் 40, விறாந்தையில மைனஸ் 58, இப்ப தங்கச்சியின்ர அறைக்கு வந்திட்டன், பாருங்கோ, மைனஸ் 79. வீடியோ கோலுக்கு மைனஸ் 67 அளவில எண்டாலும் வேணும். ஏன் இப்பிடி விழுது எண்டா ரவுட்டர் இரும்பு அலுமாரிக்கு மேல, சுவரோட ஒட்டி இருக்கு, அறைக்கும் அதுக்கும் நடுவில ஃப்ரிட்ஜ் நிக்குது. இரும்பு, தகரம் எல்லாம் சிக்னலைத் திருப்பி அடிக்கும், தண்ணி டாங்க் உறிஞ்சிப்போடும். தகரம் அடைச்ச குசினிக்குள்ள போனா இன்னும் மோசம்.

கன ரவுட்டர் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் எண்டு ரெண்டு அலைவரிசையில வைஃபை தரும். 5 இருந்தா கிட்ட நிண்டு பாக்கிறதுக்கு நல்ல வேகம், ஆனா சுவர் தாண்டினா களைச்சுப்போகும், தூரத்து அறைக்கு 2.4 தான் சரி. ஏ9 ரோட்டுக் கடைத்தொகுதி மாதிரி இடத்தில எண்டா பத்துப்பதினஞ்சு வைஃபை ஒண்டோட ஒண்டு இடிபடும், அங்க 2.4க்குள்ள இருக்கிற பாதைகளில, அதுதான் சனல், 1, 6, 11 இதில காலியானதுக்கு ரவுட்டர் செட்டிங்ஸில மாத்தவேணும். எங்கட வளவுகளில பக்கத்து வீடே தள்ளித்தானே, அதால சனலோட மினக்கெட வேண்டாம். ஐபோன்காரருக்கு அந்த ஆப் கிடையாது, அதுக்குப் பதிலா ஆப்பிளின்ர ஏர்போர்ட் யூட்டிலிட்டியைப் போட்டு, போன் செட்டிங்ஸில அதுக்குள்ள வைஃபை ஸ்கேனரை ஓன் பண்ணுங்கோ.

இப்ப வெளித் துண்டு, இதைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்ல, எனக்கு ஆகக் கவலை இதுதான். போன் பிரவுசரில ரவுட்டரின்ர அடியில ஒட்டியிருக்கிற முகவரியை அடிச்சு உள்ள போங்கோ. ஆர்எஸ்ஆர்பி (RSRP), எஸ்ஐஎன்ஆர் (SINR) எண்டு ரெண்டு இருக்கும், முதலாவது ரவர் சிக்னலின்ர பலம், ரெண்டாவது அந்த சிக்னல் எவ்வளவு இரைச்சல் இல்லாமத் தெளிவா வருது எண்டது. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90ஐ விடப் பூச்சியத்துக்குக் கிட்ட எண்டா சந்தோசம், மைனஸ் 110 தாண்டினா கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் கூடக் கூட நல்லம், பூச்சியத்துக்குக் கீழ போனா சிக்னலை விட இரைச்சல் கூட எண்டு அர்த்தம். ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு யன்னலா வச்சு, ஒரு நிமிசம் பொறுத்து இலக்கத்தைப் பாருங்கோ. இங்க அலுமாரிக்கு மேல மைனஸ் 112, ரோட்டுப்பக்க யன்னலில மைனஸ் 101. ஒரு சதமும் செலவில்ல!

அந்த யன்னல் அறைக்கும் கிட்ட, அதால ரெண்டு துண்டும் ஒரே அடியில சரி. வெயில் நேர படாம மட்டும் வையுங்கோ, சூடேறினா ரவுட்டரும் இழுபடும்.

எல்லாம் செய்தும் இரவு ஏழு எட்டு மணிக்கு மட்டும் ஸ்லோ எண்டா, விடியக்காலமை அஞ்சு மணிக்கு அதே இடத்தில ஒரு டெஸ்ட் அடியுங்கோ. அப்ப பறக்குது, இரவில விழுது, சிக்னல் இலக்கம் மாறேல்ல எண்டா ரவரில ஆக்கள் கூட. அதை நாங்கள் திருத்த ஏலாது, ஆனா நேரத்தோட ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சு கொம்பனிக்கு அனுப்பலாம். சும்மா "ஸ்லோ" எண்டு சொன்னா ரீஸ்ராட் பண்ணுங்கோ எண்டுதான் சொல்லுவினம், இலக்கத்தோட கதைச்சா அப்பிடித் தட்டிக்கழிக்க ஏலாது.

பூஸ்டர் எப்ப வாங்கலாம்? ரவுட்டருக்குக் கிட்ட நல்ல ஸ்பீட் இருந்து, இடம் மாத்தியும் தூரத்து அறை மைனஸ் 75க்குக் கீழ நிண்டா மட்டும். வாங்கினாலும் சிக்னல் இல்லாத அறைக்குள்ள கொண்டுபோய்ப் பூட்டாதேங்கோ, பாதி வழியில, மைனஸ் 60 காட்டுற இடத்தில பூட்டுங்கோ.