இன்னும் ஒருக்கா

வணக்கம் நேயர்களே. பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

வலிகாமத்தில் ஒரு வீடு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். விடிய நாலரை மணிக்கு அந்த வீட்டுத் தண்ணி மோட்டர் இரையத் தொடங்கும். ஆறரைக்கும் நிற்காது. கிணற்றடிக் குழாயில் ஒரு பெண் கை கழுவிக்கொண்டு நிற்பார். முப்பது வயது, கணித ஆசிரியை. மாமியார் குசினி வாசலில் நின்று கூப்பிடுவார்: "பிள்ளை, கை வெடிக்கப் போகுது, வாம்மா." பதில் வரும்: "வாறன் மாமி, இன்னும் ஒருக்கா."

அந்த 'இன்னும் ஒருக்கா'தான் நோய். ஓசிடி என்பார்கள், தமிழில் எண்ணச் சுழற்சி நோய். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு காலம் வரக்கூடியது. கழுவுவது மட்டும் இல்லை. பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது, சுவாமி அறையில் நிற்கும்போது வரக்கூடாத எண்ணம் வந்து வதைப்பது, பெற்ற பிள்ளையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்று பயந்து கத்தியையே ஒளித்து வைப்பது, எல்லாம் இதற்குள் வரும்.

அந்த ஆசிரியை என்னிடம் வரும்போது ஏழு வருடம் போயிருந்தது. முதல் இரண்டு வருடம் அவருக்கு 'ஆசாரமான பிள்ளை' என்று நல்ல பெயர். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தோய்ந்துவிட்டு வீட்டுக்குள் வருகிற ஊர் இது. துடக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த நோய் வசதியாக ஒளிந்துகொள்ளும். பிறகு நூல் கட்டினார்கள். பிறகு, "கொழுப்பு, வேலை செய்யப் பஞ்சி" என்றார்கள். அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் வரவில்லை. அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம் இது: "கையில ஊத்தை இல்லையெண்டு எனக்குத் தெரியும் டொக்டர். தெரிஞ்சும் விட முடியேல்லை."

இந்த வசனத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அறிவு சரியாக வேலை செய்கிறது. ஆனால் வேறொன்று அதற்குக் கட்டுப்படவில்லை. அது எங்கே இருக்கிறது?

படலையில் ஒரு நாய் குலைக்கிறது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சும்மா கிட, அது எங்கட ஆள்" என்கிறார். நாய் படுத்துவிடுகிறது. மூளையிலும் கிட்டத்தட்ட இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. கண்குழிகளுக்கு நேர் மேலே உள்ள நெற்றிப் பகுதி, ஏதோ பிழை, ஏதோ ஆபத்து என்று குரல் கொடுக்கும். மூளையின் ஆழத்தில் வால்போல வளைந்த ஒரு நரம்புத் திரள் இருக்கிறது. வாலுருக் கரு என்பார்கள். எந்தக் குரலை உள்ளே விடுவது, எதை அடக்குவது என்று தெரிவதில் அதற்குப் பெரிய பங்கு. அது விட்டதை, பக்கத்தில் இருக்கும் தலமஸ் என்ற பகுதி திரும்பவும் நெற்றிப் பகுதிக்கே அனுப்பும். ஒரு வட்டம். ஓசிடி உள்ளவர்களில் இந்த வட்டம் தேவைக்கு மேலாக ஓடுகிறது. நாய் குலைக்கிறது, வீட்டுக்காரரின் அதட்டல் நாய்க்கு எட்டவில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. 1917இல் வொன் எக்கனமோ என்ற வியன்னா மருத்துவர் ஒருவகை மூளை அழற்சியை விவரித்தார். உறக்க நோய் போல வந்து அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவியது. தப்பியவர்களில் சிலருக்கு, முன்பு இல்லாத இந்தக் கட்டாய எண்ணங்களும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கமும் வந்தன. அந்த நோய் தாக்கிய இடங்களில் மூளையின் இந்த ஆழப் பகுதியும் ஒன்று.

எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் வாதக் காய்ச்சல். தொண்டை நோ வந்து, பிறகு இதய வால்வு பழுதாகி, மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்ட பிள்ளைகளை இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். தொண்டைக் கிருமியை அடிக்க உடம்பு செய்த ஆயுதம் தன் உடம்பையே அடிப்பதால் வருவது அது. சில பிள்ளைகளில் அந்த அடி மூளையின் ஆழப் பகுதியில் விழும். கைகால் தன்பாட்டில் துள்ளும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு எண்ணச் சுழற்சியும் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். 1998இல் அமெரிக்காவில் சூசன் சுவீடோ குழுவினர், தொண்டை நோவை ஒட்டி இந்த நோய் திடீரென்று வந்த அல்லது கூடிய 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அதைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. ஆகவே கை கழுவுகிற எல்லாப் பிள்ளைக்கும் அன்டிபயோட்டிக் கேட்டு வராதீர்கள்.

பரம்பரையா என்று எல்லோரும் கேட்பார்கள். கலியாணம் பேசுகிற ஊர், கேட்கத்தான் செய்வார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, பிள்ளைப் பருவத்து அறிகுறிகளில் 45 முதல் 65 வீதம் வரையும் பெரியவர்களில் 27 முதல் 47 வீதம் வரையும் மரபணுவின் பங்கு. அதாவது பங்கு உண்டு, ஆனால் தலைவிதி இல்லை. ஒரு தனி மரபணுவும் இல்லை, பலபல சிறியவை. 2007இல் ஒரே ஒரு மரபணுவை நீக்கி எலிகளை வளர்த்தார்கள். அவை முகத்தைத் துடைத்துத் துடைத்துப் புண்ணாக்கின. அந்த மரபணுவை மூளையின் அதே ஆழப் பகுதியில் திரும்ப வைத்தபோது துடைப்பது குறைந்தது. எலி மனிதர் இல்லைத்தான். ஆனாலும் அந்தப் புண்ணான முகங்களின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆசிரியையின் வெடித்த கைகள்தான் நினைவுக்கு வந்தன.

இனிச் செரட்டோனின் என்ற மூளை இரசாயனம். இங்கே நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். "மூளையில் ஒரு இரசாயனம் குறைஞ்சு போச்சு, குளிசை அதை நிரப்பும்" என்று பல வருடம் நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்ல இலகு, கேட்க ஆறுதல். ஆனால் பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது என்பதற்காக, பனடோல் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே. தெரிந்தது இவ்வளவு: குளோமிப்பிரமின் என்ற பழைய மருந்து இந்த நோய்க்குக் கேட்டது. செரட்டோனினைப் பெரிதாகத் தொடாத அதன் உறவுக்கார மருந்துகள் அவ்வளவு கேட்கவில்லை. பிறகு வந்த புளுவொக்செற்றின் போன்றவையும் செரட்டோனின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விடக் கூடிய அளவும், பத்துப் பன்னிரண்டு கிழமைப் பொறுமையும் வேண்டும். மூன்றாம் கிழமையில் "ஒண்டும் கேக்கேல்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

மூளை நோய் என்றால் குளிசை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. 1992இல் லொஸ் ஏஞ்சல்சில் லூயிஸ் பக்ஸ்டர் குழுவினர் ஒரு பகுதி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். மறு பகுதிக்கு நடத்தைச் சிகிச்சை மட்டும். ஊத்தை என்று நினைப்பதைத் தொடச் சொல்லி, கழுவாமல் இருக்கப் பழக்குவதுதான் அந்தச் சிகிச்சை. சுகம் கண்டவர்களின் மூளையை முன்னும் பின்னும் படம்பிடித்துப் பார்த்தால், இரண்டு பகுதியிலும் வலது வாலுருக் கருவின் மிதமிஞ்சிய வேலை தணிந்திருந்தது. குளிசை போன இடத்துக்கே பழக்கமும் போயிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த ஆய்வு இதுதான்.

வீட்டுக்காரருக்கும் இதில் வேலை உண்டு. "பூட்டினனானோ?" என்று கேட்டால், "ஓம், பூட்டினனீர்" என்று இருபது தரம் சொல்வது அன்புதான். ஆனால் ஒவ்வொரு பதிலும் அந்த வட்டத்துக்கு எண்ணெய் விடுகிறது. பேசாமல் முகத்தைத் திருப்புவதும் சரியில்லை. என்ன சொல்வது, எப்போது சொல்லாமல் விடுவது என்பதைச் சிகிச்சை தருகிறவரோடு இருந்து திட்டமிட வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளையிலும் மனநலக் கிளினிக்குகள் இருக்கின்றன, காசு இல்லை. நேரில் வரக் கூச்சமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

ஆசிரியைக்கு மருந்தும் கொடுத்தோம், பழக்கமும் கொடுத்தோம். முதல் நாள் கிளினிக் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் நாற்பது நிமிடம் இருந்தார். வியர்த்துக் கொட்டியது. நாலாம் மாதம் மாமியார் தனியாக என்னிடம் வந்தார். "டொக்டர், மோட்டர் இப்ப ஆறு மணிக்குத்தான் போடுறா. காமணித்தியாலத்தில நிக்குது. சில நாள் திரும்பவும் போடுறா." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எனக்கும் இரவில மூண்டு தரம் எழும்பி விளக்கு நூந்திட்டுதோ எண்டு பாக்கோணும். நாப்பது வருசமா. அதுக்கும் ஏதும் இருக்கோ?"

"இருங்கோ அம்மா" என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.