முப்பதாம் நாளுக்குள் கண் பார்த்துவிடுங்கள்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தாய்மார் கூட்டமொன்றில் ஒரு கண் மருத்துவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பாட்டிமார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. பிள்ளை பெற்ற வீட்டில் சட்டம் போடுவது நீங்கள்தானே. நாற்பது நாள் வரைக்கும் பச்சைப்பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டீர்கள். நிறைமாதப் பிள்ளை என்றால் நானும் மல்லுக்கு நிற்கமாட்டேன். ஆனால் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்திருந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, முப்பதாம் நாளுக்குள் கண் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால், அல்லது 1200 கிராமுக்கும் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே.

விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்கின்றன. காதுப்பக்க ஓரத்தைத் தொட பத்து மாதமும் நிறைய வேண்டும். முன்னாலேயே பிறந்துவிட்டால் வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். அப்புறம் குழாய் போய்ச் சேராத இடம் ஆக்சிஜனுக்குத் தவிக்க, கண்டபடி புதுக் குழாய்கள் முளைக்கும். கசியும், தழும்பாகும், கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். சீட்டில் ஆர்.ஓ.பி., அதாவது குறைமாதப் பிள்ளையின் விழித்திரை நோய், என்று எழுதுவது இதைத்தான். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இன்குபேட்டரில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பார்வை போனது. இன்று அளந்துதான் கொடுக்கிறோம். ஆனால் ஒரு கிலோப் பிள்ளையும் இப்போது பிழைத்துக்கொள்கிறது, அதனால் நோயும் கூடவே இருக்கிறது.

'கண்ணு நல்லாத்தானே இருக்கு டாக்டரே' என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். கண் பாப்பாவில், அதாவது கண் நடுவே இருக்கிற கறுப்பு வட்டத்தில், வெள்ளை தெரிந்து ஓடிவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சோதனை எப்படி? கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விடுவோம். கொஞ்ச நேரம் முன்பிருந்தே பால் வேண்டாம், கக்கிவிடும். மரத்துப்போகவும் ஒரு சொட்டு. இமையைச் சின்னக் கம்பியால் விலக்கிப் பிடித்து, கருவிழிமேல் ஜெல் வைத்து, கேமரா முனையை மெல்ல ஒற்றினால் திரையில் விழித்திரை ஓரம்வரை விரியும். பிள்ளை அலறும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

ஒருமுறை பார்த்ததோடு முடியாது. குழாய்கள் ஓரம் சேரும்வரை வாரமோ இரண்டு வாரமோ விட்டு மறுபடி வரவேண்டும். நோயை அடக்க லேசர் சிகிச்சை தேவை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். நம் பக்கம் பிள்ளை கைநழுவுவது இங்கேதான்: பிரசவம் கோயம்புத்தூரில், தாய்வீடு கொழிஞ்சாம்பாறையில், புகுந்த வீடு பொள்ளாச்சியில். ஆஸ்பத்திரி ஃபோன் போட்டால் மாமனார் எடுப்பார்.

சரி, தீட்டுக் கணக்கு பார்க்கிற பாட்டிமாருக்கு ஒன்று: ஆஸ்பத்திரி போய்வந்து தாய் தலைக்கு ஊற்றிக்கொள்ளட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருப்பவர்கள் இப்படி வாருங்கள், எடையும் வாரமும் பார்த்துத் தேதி எழுதித் தருகிறேன்.