புரூஜ் நகரில் இரண்டு இரவுகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மணமான பின், பெரியவர்களோ நண்பர்களோ உடன் வராமல், கணவனும் மனைவியும் மட்டுமாக முதன்முறை ஒரு வார இறுதியில் வெளியூர் சென்று வருவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஊரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டதால், பெல்ஜியத்தின் கால்வாய் நகரமான புரூஜை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஊர்களின் மீது எனக்குள்ள பித்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: புரூஜில் இரவு தங்குங்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், காலையில் வந்து மாலையில் திரும்பிவிட்டால் அறை வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். சுற்றுலாப் பேருந்துகளில் வருகிறவர்களும், ஜீப்ரூகே துறைமுகத்தில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களின் பயணிகளும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆகவே நண்பகலில் சந்தைச் சதுக்கத்தில் தோள் இடிபடாமல் நடக்க இயலாது. மாலை மயங்கியதும் அக்கூட்டம் முழுவதும் வடிந்துவிடும். விளக்கொளியில் அந்தக் கால்வாய் ஓரங்களில் நிதானமாக நடக்கும் பேறு, இரவு தங்குகிறவர்களுக்கே வாய்க்கிறது.

இந்த ஊர் இப்படியே நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் செல்வம் அன்று, அதன் வறுமை. 1134ஆம் ஆண்டு வீசிய பெரும்புயல் ஸ்வின் என்ற கடற்கழியைத் திறந்துவிட, அதன் வழியே கப்பல்கள் வந்தன. இங்கிலாந்தின் ஆட்டுக் கம்பளியும் இத்தாலிய வணிகர்களின் பணமும் வந்தன. பின்னர் அந்தக் கழியில் மணல் மேவ மேவக் கப்பல்கள் ஒதுங்கின. பதினைந்தாம் நூற்றாண்டு முடிவதற்குள் வணிகம் ஆன்ட்வெர்ப் துறைமுக நகருக்குப் பெயர்ந்தது. இடித்துக் கட்டப் பணமில்லாத ஊரில் பழைய வீடுகள் தப்பின. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த நகரம் அவ்வாறு தப்பியதுதான். ஆனால் பழையது போல் தோன்றும் எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். மாதா கோயிலுக்குப் பின்னால், இணையர்கள் வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்ளும் போனிஃபேசியஸ் பாலம், பார்வைக்கு மிகப் பழையது போலிருந்தாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை மாலையே வந்துசேருங்கள். ரயில் நிலையத்திலிருந்து நகரின் நடுவுக்கு இருபது நிமிட நடைதான். மின்னவாட்டர் ஏரியையும், துறவு உறுதிமொழி ஏற்காமலே இறைப்பணியில் கூடி வாழ்ந்த பெகைன் பெண்களுக்காக 1245ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வெள்ளை வீட்டு முற்றத்தையும் கடந்து செல்லும் வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தெருக்கள் கல் பாவியவை. சக்கரப் பெட்டியை இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். தோள்பை நல்லது, புதுச் செருப்பு வேண்டாம்.

திட்டத்தை ஒருவரே போட்டு மற்றவரை இழுத்துச் செல்வதுதான் முதல் பயணத்தில் மனத்தாங்கலுக்கு வித்திடுகிறது. ஆளுக்கு ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எஞ்சிய நேரத்தைத் திறந்தே வையுங்கள். மணிக்கூண்டின் 366 படிகளை ஏற ஒருவருக்கு ஆசை, மற்றவருக்கு முழங்கால் வலி என்றால், அவர் கீழே காபியுடன் அமர்ந்திருக்கலாம். மேலே உள்ள 47 மணிகளின் இசை கீழேதான் நன்றாகக் கேட்கும்.

என் தேர்வு எதுவென்று கேட்டால், மாதா கோயிலில் உள்ள மைக்கலாஞ்சலோவின் சிற்பம். தாயும் குழந்தையும், வெண்பளிங்கு, ஏறக்குறைய நான்கடி உயரம். அன்னையின் பார்வை தாழ்ந்திருக்கிறது. குழந்தை மடியில் இல்லை, அவள் முழங்கால்களுக்கிடையே நின்று, இறங்கி நடக்கப்போவது போல ஒரு காலை முன்வைத்திருக்கிறது, ஒரு கையால் மட்டும் தாயின் கையைப் பற்றியிருக்கிறது. புரூஜைச் சேர்ந்த மூஸ்க்ரோன் என்ற துணி வணிகக் குடும்பத்தார் இதை விலைக்கு வாங்கினர். 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையினர் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். நெப்போலியன் வீழ்ந்தபின் திரும்பியது. 1944இல் ஜெர்மானியர், செஞ்சிலுவைக் குறியிட்ட வண்டியில், மெத்தைகளில் சுற்றிக் கடத்தினர். மறு ஆண்டு ஆஸ்திரியாவில் அல்ட்டவுஸே உப்புச் சுரங்கத்தில் அமெரிக்கப் படையினர் கண்டெடுத்தனர். இருமுறை களவுபோய் இருமுறை வீடு திரும்பிய அந்தக் குழந்தையின் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். இதையும் பகற்கூட்டம் பெருகுமுன் பார்க்கலாம், இரவு ஊரிலேயே தங்கியிருந்தால்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். உணவைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். சதுக்கத்தை நோக்கிய உணவகங்களைத் தவிர்த்து இரண்டு தெரு தள்ளிச் செல்லுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். படகுச் சவாரி அரை மணி நேரம் நீடிக்கும், பாலங்களின் அடியில் தலையைக் குனிய வேண்டியிருக்கும். குளிர்கால மாதங்களில் படகுகள் வழக்கம்போல ஓடுவதில்லை. திங்கட்கிழமையையும் சேர்த்து விடுப்பு எடுக்கிறவர்கள், அன்று நகரின் அருங்காட்சியகங்கள் சில மூடியிருக்கும் என்பதை நினைவிற் கொண்டு, பதினைந்தாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த ஓவியர் மெம்லிங்கின் ஓவியங்களைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். வணக்கம்.