எண்ணூர்ச் சேற்றில் ஒரு பெரிய கை

வணக்கம் நேயர்களே.

காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் போனால் மாடியில் புறாக்கூண்டு பார்க்கலாம். எந்த ஆணை எந்தப் பெட்டையோடு ஜோடி சேர்ப்பது என்று அங்கே மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். வானில் கரணம் போடும் கர்ணப் புறா அப்படிப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்து வந்ததுதான்.

சார்லஸ் டார்வினும் புறா வளர்த்தவர். லண்டனில் இரண்டு புறா மன்றங்களில் சேர்ந்திருந்தார். 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் அவர் சொல்கிறார்: மனிதன் தன் ரசனைப்படி கொஞ்ச காலத்திலேயே கோழிக்கு அழகு கூட்டிவிடுகிறான். ஆயிரக்கணக்கான தலைமுறையாக அழகான ஆணையே தேர்ந்தெடுக்கும் பெட்டைகளால் ஏன் முடியாது? 1871-ல் இதை விரித்துத் தனி நூலாகவே எழுதினார். இயற்கைத் தேர்வைத் தானும் கண்டறிந்த வாலஸே இதை ஏற்கவில்லை. பறவைக்கு ரசனை என்பது அவருக்கு ஒப்பவில்லை.

நான் டார்வின் பக்கம். அப்படி ஆனது எண்ணூரில்.

தண்ணீர் வற்றும் நேரத்தில் கழிமுகச் சேற்றில் பிடில் நண்டுகள் வெளியே வரும். கட்டைவிரல் அளவுகூட இருக்காது. ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. அதைக் கொண்டு சாப்பிட முடியாது. பெண் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி உண்ண, ஆண் ஒற்றைச் சின்னக் கையோடு திண்டாடும். அந்தப் பெரிய கை சண்டைக்கு, அப்புறம் பெண்ணைப் பார்த்து அசைப்பதற்கு.

பெரிய கை பலத்தின் அடையாளம், அதனால்தான் பெண்ணுக்குப் பிடிக்கிறது என்பார்கள். சரி, ஓரளவு உண்மை. ஆனால் சண்டையில் கை ஒடிந்தால் புதுக்கை முளைக்கும். சில இனங்களில் அது நீளத்தில் பழையதைப் போலவே இருக்கும், எடையும் பிடியும் மட்டும் குறைவு. அந்த ஆண்களையும் பெண்கள் ஒதுக்குவதில்லை. பலம் போன பிறகும் கண்ணுக்குப் பிடித்தது பிடித்ததுதான்! எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் கிடையாது.

2023 டிசம்பரில் இதே கழிமுகத்தில்தான் எண்ணெய் பரவியது. இன்னும் அங்கே போய்ப் பார்க்க வேண்டிய இடம் உண்டு. அசையாமல் உட்காருங்கள். ஆள் அரவம் கேட்டு வளைக்குள் ஓடியவை ஒவ்வொன்றாக வெளியே வரும். பெண் ஒன்று கடந்து போகும்போது சுற்றியுள்ள கைகள் வேகமாக அசையும். ஏதோ ஒரு வளைக்கு முன்னால் அது நிற்கும்.