மன்சூரியனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

எல்லோருக்கும் வணக்கம். ஆர்மீனிய இசை என்று வாயெடுத்தாலே பேச்சு நேராக, ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களைக் கொன்று குவித்த 1915-க்குப் போய்விடுகிறது. அந்த இனப்படுகொலையைத் தவிர அந்த மக்களிடம் வேறெதுவுமே இல்லாதது போல. இசையமைப்பாளர் திக்ரான் மன்சூரியனையும் அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். அவரிடம் துக்கம் நிறையவே உண்டு, சரி. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. தன் இசையிலிருந்து வேண்டாததை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மனிதக் குரல் மட்டும் மிஞ்சும் இடத்தைத் தொட்டவர் அவர்.

1939-ல் பெய்ரூட்டில் பிறந்தார். படுகொலைக்குத் தப்பிய ஆர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய ஊர் அது. உலகப்போர் முடிந்ததும் வெளிநாட்டு ஆர்மீனியர்களைச் சோவியத் அரசு திரும்ப வரச் சொல்லி அழைத்தது. அதை நம்பிக் கிளம்பிய குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. 1947-ல் ஆர்மீனியாவில் ஆர்டிக் என்ற, கல்குவாரிகளுக்குப் பேர்போன சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் தலைநகர் யெரெவான், அங்கே இசைக் கல்லூரி, பின்னாளில் அதே கல்லூரியில் ஆசிரியர் வேலை, 1990-களில் தலைவர் பொறுப்பு.

இளைஞராக இருந்தபோது வெபர்ன், பூலெஸ் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் வழியில், கணக்குப் போட்டுச் சுரங்களை அடுக்கும் நவீன முறையில் எழுதினார். சோவியத் அதிகாரிகளுக்குப் பிடிக்காத முறை அது. முப்பது வயதுகூட ஆகாத அந்த மனிதரைத்தான் இயக்குநர் பராஜனோவ் தன் ‘மாதுளைகளின் நிறம்’ படத்துக்கு இசையமைக்கக் கூப்பிட்டார். 1969-ல் வந்த படம், சயாத் நோவா என்ற 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞரைப் பற்றியது, வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு காட்சியில் நனைந்த புத்தகங்களை மடாலயக் கூரை முழுக்கப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள், காற்றில் பக்கங்கள் தாமாகவே புரளும். அந்தச் சலசலப்பை நான் இசையாகத்தான் கேட்கிறேன். தேவாலயப் பாட்டும் நாட்டுப்புற வாத்தியமும் வெறும் ஓசைகளும் அந்தப் படத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

இவருக்கு வழிகாட்டி கோமிதாஸ். பாதிரியார், கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கில் நாட்டுப்பாடல்களை எழுதி வைத்தவர். 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் கைதாகி நாடுகடத்தப்பட்டு, உயிரோடு திரும்பியும் மனம் உடைந்துபோய், 1935-ல் பாரிஸ் அருகே ஒரு மருத்துவமனையில் இறந்தார். அவர் பாடல்களை மன்சூரியன் எடுத்துச் செய்த ‘ஹைரென்’ என்ற தொகுப்பு 2003-ல் வந்தது. கிம் கஷ்கஷியன் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசிக்கிறார், பியானோவில் உட்கார்ந்து பாடுவது மன்சூரியனே. மேடைப் பாடகர் குரல் இல்லை அது. வயசான, கரகரத்த, பாதி பேச்சாகவே வரும் குரல். ‘கரூன் ஆ’ என்ற பாட்டில், வசந்தம் வந்தும் பனி பெய்திருக்கிறது, என் அன்புக்குரியவரின் மனமும் குளிர்ந்துவிட்டது என்று வரும். அதை அவர் அழுத்தாமல், நீட்டாமல் சொல்லிவிட்டுப் போகிறார், எனக்கோ அடுத்த பாட்டுக்குப் போக மனசே வருவதில்லை.

இப்போது 2011-ல் எழுதிய ‘ரெக்வியம்’, அதாவது இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை. படுகொலையில் இறந்தவர்கள் நினைவுக்கான படைப்பு, பெர்லினின் ரியாஸ் பாடகர் குழுவுக்கும் மியூனிக் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதியது. வரிகள் கத்தோலிக்கரின் லத்தீன் வரிகள், ஆர்மீனியத் திருச்சபையிலோ வழிபாடு பழைய ஆர்மீனிய மொழியில்தான். அந்த அந்நிய வரிகளைத் தன் திருச்சபையின் பழைய மெட்டுப்போக்குக்குள் கொண்டுவந்து பாட வைத்தார், அதுதான் இதில் பெரிய விஷயம். இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பகுதி வரும்போது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியத்தில் பெரிய முரசு இடிக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும். மன்சூரியனிடம் முரசும் கிடையாது, எக்காளமும் கிடையாது. தந்தி வாத்தியங்கள், பாடகர்கள், அவ்வளவுதான். பயமுறுத்துவதற்கு அங்கே யாரும் இல்லை, ஏனென்றால் பயப்பட வேண்டியதெல்லாம் அந்த மக்களுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது.

இந்த ஒலிப்பதிவு 2017-ல் வெளிவந்து கிராமி பரிந்துரை வரை போனதால் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் சொல்வது, முதலில் ‘ஹைரென்’. அந்தக் குரல் காதுக்குப் பழகட்டும். அதன்பிறகு ‘ஆர்ஸ் பொயட்டிகா’, ஸ்டாலின் காலத்தில் 1937-ல் சிறையில் இறந்த கவிஞர் சரென்ட்ஸின் கவிதைகளை வாத்தியமே இல்லாமல் பாடகர் குழு பாடுவது. ரெக்வியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம்தான், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.