தமிழ் நூல்களை வாழவைத்தவை கோயிலும் மடமும் தேவாலயமுமே

நடுவர் அவர்களே, எதிரணிச் சான்றோர்களே, டர்பன் வாழ் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். தமிழ் இலக்கியத்தைப் பெரிதும் புரந்தது அரசவையா, சமய நிறுவனங்களா என்ற இன்றைய வழக்கில், சமய நிறுவனங்களின் பக்கம் நின்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கரிகாலனிலிருந்து தொடங்கினார். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்கு அவன் 16 நூறாயிரம் பொன் வழங்கியதைக் கலிங்கத்துப்பரணி போற்றுகிறது. அந்தக் கொடையை நானும் போற்றுகிறேன். ஆனால் பொன்னைப் பெற்றவர் காலத்தோடு அந்தக் கொடை முடிந்துவிட்டது. பட்டினப்பாலை அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சிட்டாரே, அதற்கு ஏடு எங்கிருந்து கிடைத்தது? சோழர் அரண்மனையோ மண்மேடாகிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. சங்க நூல்களைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்த காலத்தில் கைகொடுத்த ஏடுகளுள் திருவாவடுதுறை ஆதீனத்துப் புத்தகசாலையின் சுவடிகள் முக்கியமானவை.

இங்கே எதிரணியினர் ஒரு தடை எழுப்பக்கூடும். அதை நானே எடுத்துச் சொல்கிறேன். அதே ஆதீனத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர் தம் இலக்கணக்கொத்தில், பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் சீவக சிந்தாமணியையும் படிப்போர் வாழ்நாளை வீணாக்குகிறார்கள் என்று கடிந்து எழுதியிருக்கிறார். அது எனக்கு வருத்தம் தருகிறது. ஆயினும் அப்படிக் கடிந்தவரின் மடமே அந்த ஏடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது என்பதையும், சமண காப்பியமான சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த சாமிநாதையர் அந்தச் சைவ மடத்தின் சோற்றை உண்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர் என்பதையும் நடுவர் அவர்கள் சேர்த்தே எடைபோட வேண்டும். மாணவனுக்கு உணவும் இருப்பிடமும், ஆசிரியருக்குக் கவலையற்ற வாழ்வும், இரண்டு பேருக்கும் நடுவே ஒரு புத்தகசாலையும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருந்ததுதான் மடத்தின் பெருமை.

அரசர்களே இதை அறிந்திருந்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. தேவாரத் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், அதாவது ஓதுவார்களையும், உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரையும் இராசராசன் நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான். அதோடு நிறுத்தினானா? ஒருவர் இறந்துவிட்டாலோ நாட்டைவிட்டுச் சென்றாலோ அவருக்கு அடுத்த உரிமையுடையவர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்று கல்லிலே வெட்டிவைத்தான். நெல் அரசனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு தனக்குப் பின்னும் ஒலிக்க வேண்டுமென்று விரும்பிய பேரரசன் அதைத் தன் அவைப்புலவரிடம் ஒப்படைக்காமல் கோயிலிடம் அல்லவா ஒப்படைத்தான்? கம்பனுக்குச் சடையப்ப வள்ளல் இருந்தார் என்பீர்கள். அவர் முடிமன்னரல்லர் என்பதால் அவரை எந்த அணியும் உரிமை கொண்டாட முடியாது.

தேவாலயத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 16 பக்க நூல். அதை உருவாக்கியவர் அன்றீக்கே அடிகளார் என்ற இயேசு சபைத் துறவி. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு என்ற மிஷனரியை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் என்று எதிரணியினர் நினைவூட்டினார்கள். உண்மைதான். ஆனால் அங்கே தமிழ் நூல்களை அச்சிட அச்சுப்பொறியைத் தந்தது லண்டனில் இருந்த கிறித்தவ அறிவு பரப்பும் சங்கம். தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டது ஜெர்மனியின் ஹாலே நகரத்துச் சமய நிறுவனத்தின் முயற்சியால். காகிதத்துக்காகப் பொறையாற்றில் ஆலை வைத்ததும் மிஷனரிகள்தாம். சமயம் பரப்ப வந்தார்கள் என்பது தெரிந்ததே. அதே நோக்கத்தோடு வந்த வீரமாமுனிவர்தான் தேம்பாவணியோடு சதுரகராதியையும் நமக்குத் தந்தார்.

இனி நம் மண்ணைப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் நேட்டால் வந்திறங்கிய நம் முன்னோருக்குப் பரிசில் தர எந்த அரசவை காத்திருந்தது? கரும்புத் தோட்டத்து முதலாளிகளுக்கு வேண்டியிருந்தது அவர்களின் உழைப்பு மட்டுமே. பாட்டும் கூத்தும் தங்க இடம் கொடுத்தவை, மரத்தாலும் தகரத்தாலும் அவர்கள் தாமே எழுப்பிய சிறு கோயில்கள். அரசுப் பள்ளிகளில் தமிழுக்கு இடமில்லாத நீண்ட காலத்தில், மாரியம்மன் தாலாட்டையும் தேவாரத்தையும் காவடிப் பாடல்களையும் பிள்ளைகள் காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகியது அங்கேதான். அந்தக் கோயில்களைச் சார்ந்த சங்கங்களின் மாலை வகுப்புகளில்தான் பலர் அகரம் எழுதினார்கள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடியாட்சி முடிந்துபோன பிறகும், தன் புலவர்களின் ஏடுகளை நூற்றாண்டுக் கணக்கில் படியெடுத்துக் காத்து, மாணவர்களுக்குச் சோறிட்டுப் பாடமும் சொல்லிக்கொடுத்த ஓர் அரசவையின் பெயரை அவர் இந்த மேடையில் சொல்லட்டும். சொல்ல இயலாவிட்டால், எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவுடன் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.